கொல்லைப்புறத்து நீர்



அண்மையில் ஒரு சிறிய பேரூரில் திருமண வீடு ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மறுநாள் காலையில் திருமணத் திருப்பலி. வந்து குவிந்த உறவினர் கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் அவ்வீட்டுச் செப்டிக் டேங்க் நிரம்பி வழியத் தொடங்கிற்று. வீட்டுப் பெரியவர் பதறிப்போய்க் கழிவுநீர் லாரிக்குச் சொல்லி அனுப்பினார். அரை மணி நேரத்தில் லாரி வந்தது, குழாயை இறக்கினார்கள், இயந்திரம் இரைந்தது, தொட்டி காலியாயிற்று. பெரியவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "அப்பாடா, தொல்லை விட்டது" என்று பெருமூச்சு விட்டார்.

மாலையில் காற்றாட ஊருக்கு வெளியே நடந்தோம். வாய்க்கால் பாலத்தருகே அதே லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்புறக் குழாயிலிருந்து கறுத்த குழம்பு ஒன்று வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில், கீழ்ப்புறத்துப் படித்துறையில், பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தனர். சிறுவர் இருவர் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தனர். மறுநாள் பந்தியில் நாம் உண்ட வாழையிலை வந்த தோட்டத்துக்கும் அந்த வாய்க்காலே பாசனம் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

பெரியவரின் தொல்லை விடவில்லை. அது பிறர் வாசலுக்குப் போய், இலையின் வழியாக நம் கைக்கே திரும்பி வந்தது. அவரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. நம் வீட்டு லாரி எங்கே சென்று கொட்டியது என்று நாமும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவே இம்மாதம், நம் கொல்லைப்புறத்திலிருந்து வெளியேறும் நீரைச் சற்றுத் தொடர்ந்து சென்று பார்ப்போம்.

குளம் ஏன் சாகிறது?

ஒருவர் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீர் புழங்குவாரேயானால், அதில் ஏறத்தாழ 80 லிட்டர் கழிவுநீராக வெளியேறுகிறது என்பது பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு. ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரிலிருந்து நாள்தோறும் 80,000 லிட்டர் வெளியேறும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அழுக்கு, மற்றதெல்லாம் தண்ணீர். "இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும்?" என்று நமக்குத் தோன்றலாம்.

அழுக்கு நீரில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்குகின்றன. தின்பதற்கு அவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே அவை எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம் மட்டுமே. ஒருவருடைய ஒரு நாள் கழிவைச் செரிப்பதற்கோ சுமார் 45 கிராம் தேவை. வகுத்துப் பாருங்கள்: ஒரு மனிதனுடைய ஒரு நாள் கழிவு, 6,000 லிட்டர் நீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் கேட்கிறது. ஆயிரம் பேருடைய ஒரு நாள் கழிவு 60 இலட்சம் லிட்டர் நீரின் பிராணவாயுவைக் கேட்கிறது. இரண்டரை ஏக்கர் பரப்பில் இரண்டடி ஆழம் நிற்கும் குளத்து நீர் முழுவதும் அவ்வளவுதான்.

இது ஒரே நாளில் நிகழ்ந்துவிடுவதில்லை. காற்றிலிருந்து புதிய பிராணவாயு நீரில் கரைந்துகொண்டே இருக்கிறது. ஓடும் நீர் கல்லிலும் மணலிலும் மோதித் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உடையது. நம் முன்னோர் அதை நம்பியே வாழ்ந்தனர். ஆனால் ஓடும் நீர் குறைந்து, கொட்டும் கழிவு பெருகியபின் அந்த ஆற்றல் தோற்றுப்போகிறது. மீன்களுக்கு லிட்டருக்கு நான்கு ஐந்து மில்லிகிராம் பிராணவாயுவாவது வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் அவை திணறும். விடியற்காலையில் குளத்து மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் பாசியும் சேர்ந்து பிராணவாயுவை உண்டுவிட்டதால், மூச்சுக்குத் தவிக்கும் மீன்கள் அவை.

கழிவில் பயிருக்கு உரமாகும் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. வயலில் அவை நன்மை, குளத்திலோ தீமை. அந்த உரத்தை உண்டு பாசி படர்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த ஆகாயத்தாமரை குளத்தையே மூடிவிடுகிறது. அழுக்குத் தேங்கிய நீரையே விரும்பி முட்டையிடும் ஒருவகைக் கொசு, யானைக்கால் நோயைப் பரப்புகிறது. கழிவிலுள்ள தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றுக்கும் இறங்குகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டுத் தர விதி. தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சட்காமாலை ஆகியவற்றின் கிருமிகளும் இவ்வழியிலேயே பயணம் செய்கின்றன.

தொட்டி செய்வதும் செய்யாததும்

"எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறதே!" என்பீர்கள். அதன் வேலை என்ன என்று அறிந்துகொள்வது நல்லது. வீட்டுக் கழிவுநீர் அத்தொட்டியில் ஓரிரு நாள் அசையாமல் தங்குகிறது. கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும், பாலில் ஆடை படிவதுபோல, மேலே மிதக்கின்றன. இடையிலுள்ள நீர் மட்டும் வெளியேறுகிறது. அடியில் படிந்த கசட்டைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சிறுகச் சிறுகத் தின்று குறைக்கின்றன. தொட்டியின் வேலை அவ்வளவே. அழுக்கில் சரிபாதியை நீக்கினாலே அது நல்ல தொட்டி. வெளியேறும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் நோய்க்கிருமிகள் அதில் நிறைந்தே இருக்கும்.

ஆகவேதான் அந்த நீர் உறிஞ்சுக்குழிக்குச் சென்று மண்ணில் வடிய வேண்டும். எஞ்சிய வேலையைச் செய்வது மண். மண்ணுக்கும் மண்ணிலுள்ள உயிர்களுக்கும் அந்த ஆற்றல் உண்டு. ஆனால் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பது, அறுபது அடித் தொலைவாவது வேண்டும். மணற்பாங்கான நிலத்திலும், வெடிப்புள்ள பாறை நிலத்திலும் இன்னும் கூடுதலாக வேண்டும். நம் வீடுகளிலோ மூன்று பிழைகள் மலிந்திருக்கின்றன. தொட்டிக்கு அடித்தளம் பூசுவதில்லை. "தானே உறிஞ்சிக்கொள்ளும், அடிக்கடி எடுக்க வேண்டாம்" என்று கொத்தனாரே யோசனை சொல்கிறார். தொட்டியின் வெளிக்குழாயை உறிஞ்சுக்குழிக்கு விடாமல் தெருச் சாக்கடையில் விட்டுவிடுகிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை எடுக்க வேண்டிய கசட்டைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் விட்டுவைக்கிறோம். கசடு நிரம்பிய தொட்டியில் நீர் தங்குவதற்கு இடமேது? வந்தது வந்தபடியே வெளியேறும். "எங்கள் தொட்டி இருபது ஆண்டுகளாக நிரம்பவேயில்லை" என்று பெருமை பேசுகிறவர், தம் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்துப் பார்க்கட்டும்.

இறங்குகிறவர் யார்?

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. காற்றில்லாத தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகும்போது, நாற்றத்தை உணரும் சக்தியையே அது மரத்துப்போகச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று நம்பி இறங்குகிறவர் நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிற தம்பியும் விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர்கள் போயின என்று நாளிதழில் படிப்பதெல்லாம் இவ்வாறு நேர்ந்தவையே.

பாதுகாப்பின்றி மனிதரை இத்தொட்டிகளில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1993 முதல் இவ்வாறு இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. ஆயினும் இறப்புகள் நின்றபாடில்லை. "இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தால் இறங்க ஆள் இருக்கிறது" என்று நம் வீட்டு வாசலில் நின்று ஒருவர் சொல்லும்போது, சட்டத்தின் முன்னும் மனச்சான்றின் முன்னும் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரராகிய நாமே. அவ்வாறு இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதும், அந்தத் தெரு ஏன் எப்போதும் அதே தெருவாக இருக்கிறது என்பதும் நாம் அறியாததல்ல.

ஒரு சிற்றூர் சொன்ன மறுப்பு

"இதற்கெல்லாம் பெருநகரங்களைப் போலப் பல கோடி ரூபாயில் ஆலை கட்ட வேண்டுமே, சிற்றூரால் ஆகுமா?" என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடையாக, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம்.

கலிபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், ஹம்போல்ட் வளைகுடாவின் கரையில் ஆர்கேட்டா என்னும் சிறிய ஊர் இருக்கிறது. இன்று அங்கு வாழ்வோர் இருபதாயிரத்துக்கும் குறைவு. அவ்வளைகுடாவில் சிப்பி வளர்ப்பது பலருக்குப் பிழைப்பு. ஊரின் கழிவுநீர் குட்டைகளில் ஓரளவு தூய்மை செய்யப்பட்டு அதே வளைகுடாவில் விடப்பட்டது. இத்தகைய வளைகுடாக்களில் கழிவுநீரை விடலாகாது என்றும், விட்டால் அந்நீர்நிலை மேம்பட வேண்டும் என்றும் 1974-இல் மாநிலம் விதி வகுத்தது. உடனே, சுற்றியுள்ள ஊர்கள் அனைத்துக்கும் ஒரே பெரிய ஆலை கட்டி, கழிவு முழுவதையும் குழாய் மூலம் கொண்டுசென்று கடலில் விடும் திட்டம் எழுந்தது. செலவு மிகப் பெரிது.

ஆர்கேட்டா மக்கள் அதற்கு உடன்படவில்லை. "எங்கள் கழிவை நாங்களே இங்கேயே தூய்மை செய்துகொள்கிறோம்" என்றனர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களான ஜார்ஜ் ஆலனும் ராபர்ட் கியர்ஹார்ட்டும் துணைநின்றனர். முன்னவர், தூய்மை செய்த கழிவுநீரும் கடல்நீரும் கலந்த குட்டைகளில் சால்மன் மீன்குஞ்சுகளை வளர்த்துக் காட்டியவர். 1979-இல் சிறிய சதுப்புக் குட்டைகளை வெட்டிச் சோதனை தொடங்கினர். சம்பும் கோரையும் வளர்ந்த அக்குட்டைகளின் வழியாக நீர் மெல்ல ஊர்ந்து செல்லும்போது தூய்மையாவதை ஆண்டுக்கணக்கில் அளந்து, அதிகாரிகளிடம் காட்டினர். இசைவு கிடைத்தது. 1986-இல் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியது. அது அமைந்த இடமோ, கைவிடப்பட்ட மர ஆலைகளும் பழைய குப்பைமேடும் கிடந்த கரை. இன்று அவ்விடத்துக்குப் பறவைகளைக் காண மக்கள் திரளாக வருகின்றனர். 1987-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் விருதும் அவ்வூரைத் தேடி வந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. நாணலும் சம்பும் தாமே அழுக்கைக் குடித்துவிடுவதில்லை. அவற்றின் தண்டுகளிலும் வேர்களிலும், இடையிலுள்ள ஜல்லியிலும், வழுவழுப்பான மென்படலமாக நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. உழைப்பவை அவையே. செடி அவற்றுக்கு வீடு தருகிறது. வேர் வழியாகச் சிறிது பிராணவாயுவும் தருகிறது. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்னும் பெண்மணி 1950-களிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். ஆனால் எந்த அமைப்பும் தன்னந்தனியே நிலைத்து நிற்பதில்லை. ஆர்கேட்டாவிலும் பழுதடைந்த பழைய பகுதிகளைப் பெரும் செலவில் புதுப்பிக்கும் வேலை, நாற்பது ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தது. கட்டுவது ஒருநாள் வேலை. பேணுவதோ தலைமுறை வேலை.

நம் நாட்டிலும் இவ்வழி புதிதல்ல. படிவுத் தொட்டி, அதையடுத்து, நீரை மேலும் கீழுமாக வளைத்துச் செலுத்தும் அறைகள், பின்னர்க் கல்வாழையோ நாணலோ நட்ட ஜல்லிப் படுகை, முடிவில் வெயில் படும் ஒரு குட்டை என்ற வரிசையில் அமைந்த சிறிய நிலையங்கள் ஆரோவில்லிலும், புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இயங்கி வந்துள்ளன. சரிவை ஒட்டி அமைத்தால் நீர் தானாகவே இறங்கிச் செல்லும். தூய்மை செய்ய மின்சாரம் தேவையில்லை. வெளிவரும் நீர் குடிப்பதற்கன்று. மரங்களுக்கும் தோட்டத்துக்கும் ஆகும்.

லாரிகளுக்கும் வழி பிறந்திருக்கிறது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில், தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் தொடங்கப்பட்டது. லாரிகள் கொண்டுவரும் கசடு அங்குப் படுகைகளில் பரப்பப்படுகிறது. நீர் வடிந்து தனியே தூய்மை பெறுகிறது. கசடு வெயிலில் உலர்கிறது. அதன்பின் வேறு பல ஊர்களிலும் இத்தகைய நிலையங்கள் எழுந்துள்ளன. நிலையம் இருந்தும் லாரி அங்குப் போகாமல் வாய்க்காலுக்குப் போனால், குற்றம் ஓட்டுநருடையது மட்டுமன்று. வழியையும் டீசலையும் மிச்சப்படுத்தி, நூறு ரூபாய் குறைவாகக் கேட்கும் லாரியைத் தேடிப்பிடித்த நமக்கும் அதில் பங்குண்டு.

நம் வளாகங்கள்

இனி, நமக்கு மிக அருகில் வருவோம். பள்ளி, மாணவர் விடுதி, கன்னியர் இல்லம், மருத்துவமனை, திருமண மண்டபம் என்று நம் பங்குகளில் எத்தனை வளாகங்கள்! முந்நூறு மாணவர் தங்கும் விடுதி ஒரு சிற்றூருக்குச் சமம் அன்றோ? அவ்வளாகங்களின் நீர் எங்கே போகிறது என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? பெரும்பாலான இடங்களில் மதிலின் அடியிலுள்ள ஒரு துளையே விடை. துளைக்கு அப்பால் யார் குடியிருக்கிறார் என்று எட்டிப்பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்கும். கிணறும் மரங்களும் காலி நிலமும் உள்ள நம் வளாகங்களில் ஒரு நாணற் படுகைக்கு இடம் காண்பது அரிதன்று. அதைத் துப்புரவு செய்து பேண ஒருவரை நியமித்து, அவருக்கு முறையான ஊதியமும் காப்பும் தருவதே அரிதாகப்படுகிறது.

குடும்பங்கள் உடனே செய்யத்தக்கவை சில உள. செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று தேதியைத் தேடி, மின் அட்டையின் அருகே எழுதி வையுங்கள். அது மூன்றாண்டைக் கடந்திருந்தால், நிரம்பி வழியக் காத்திராமல் லாரிக்குச் சொல்லுங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் பெற்ற லாரியையே அழைத்து, "எங்கே கொண்டுபோய் இறக்குவீர்கள்?" என்று கேளுங்கள். எவரையும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். சமையல் எண்ணெயையும் ஆசிட்டையும் கழிவறையில் கொட்டாதீர்கள். ஆசிட், உழைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். புதுவீடு கட்டுவோர், தொட்டியின் அடித்தளத்தைப் பூசச் சொல்லிக் கொத்தனாரிடம் பிடிவாதமாய் நில்லுங்கள்.

அந்தத் திருமண வீட்டுப் பெரியவரிடம், நாம் பாலத்தருகே கண்டதை மறுநாள் மாலையில் மெதுவாகச் சொன்னோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அந்த வாய்க்காலில்தான் ஐயா நான் நீந்தக் கற்றேன்" என்றார். இப்போது அவருடைய பேரன் எங்கே நீந்தக் கற்கிறான் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.